அரசுப் பணித் தேர்வும் நடப்புச் செய்திகளும்: வாசகர் கேள்வி-பதில்

கடந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டையும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் சேர்ந்த இளையோர் எழுதியவை. பொதுச் சேவை ஆணையத்தின் வழியாக நிர்வாக, அரசதந்திர அதிகாரி பணிக்கு, அதாவது நாம் சுருக்கமாகப் பி.டி.டி. என்று சொல்லும் பணிக்கு, விண்ணப்பித்திருப்பவர்கள் அவர்கள். பொது அறிவுப் பகுதியும் நேர்முகத் தேர்வும்தான் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் கவலையாக வந்திருக்கின்றன. நீண்ட கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஐயா, வணக்கம். ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் நிறையத் தேதிகளை எழுதி மனப்பாடம் செய்தேன். நேர்முகத்தில் திமோர் லெஸ்தே ஆசியானில் சேர்ந்த தேதியைச் சரியாகச் சொன்னேன். "அந்த நாடு ஏன் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது?" என்று அடுத்துக் கேட்டார்கள். பதில் வரவில்லை. எங்கே தவறு செய்தேன்?
(சுங்கை சிப்புட் வாசகர்)

தம்பி, உங்கள் உழைப்பில் குறை இல்லை. தேதியோடு நின்றுவிட்டதுதான் குறை. ஒரு செய்தியைப் படித்தவுடன், இதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அந்த அதிகாரத்தை எந்தச் சட்டம் அல்லது சாசனம் கொடுத்தது என்று தேடிப் பாருங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் 'ஏன்' என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

திமோர் லெஸ்தேயையே எடுத்துக்கொள்வோம். 1975 வரை போர்த்துகீசியர் ஆட்சியிலும் அதன்பின் இந்தோனேசியாவின் பிடியிலும் இருந்த அந்த நாடு, 1999 ஆகஸ்டு மாதத்தில் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு ஐக்கிய நாடுகளின் நிர்வாகத்தின் கீழ் வந்து, 2002 மே 20-ஆம் தேதி விடுதலை பெற்றது. 2011-இல் ஆசியானில் சேர விண்ணப்பித்தது. 2008 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனத்தின் 6-ஆவது பிரிவு, புதிய உறுப்பினர் இந்த வட்டாரத்தில் அமைந்திருக்க வேண்டும், எல்லா உறுப்பு நாடுகளாலும் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும், சாசனத்துக்குக் கட்டுப்பட வேண்டும், உறுப்பினருக்குரிய கடமைகளை நிறைவேற்றும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்று சொல்கிறது. காத்திருப்புக்குக் காரணம் அந்தக் கடைசி நிபந்தனையில் இருக்கிறது. எண்ணெய், எரிவாயு வருமானத்தை நம்பியிருக்கும் ஒரு சிறிய நாடு, ஆண்டு முழுவதும் நடக்கும் நூற்றுக்கணக்கான ஆசியான் கூட்டங்களுக்கு அதிகாரிகளை அனுப்பவும், வாணிப உடன்பாடுகளுக்கு ஏற்பத் தன் சட்டங்களை மாற்றிக்கொள்ளவும் முடியுமா என்ற ஐயம் இருந்தது. அதோடு, ஆசியானில் முடிவுகள் வாக்கெடுப்பில் அல்லாமல் கருத்திணக்கத்தில் எடுக்கப்படுவதால், ஒரு நாடு தயங்கினாலும் எல்லாரும் காத்திருக்க வேண்டும். 2022-இல் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்து, மலேசியா தலைமை வகித்த 2025-ஆம் ஆண்டில், அக்டோபர் 26-ஆம் தேதி கோலாலம்பூரில் பதினோராவது உறுப்பு நாடாக அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இப்படிப் படித்தால் இன்னொரு செய்தியும் இதனோடு வந்து சேரும். 2025 ஜூலை 24-ஆம் தேதி தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே எல்லையில் சண்டை மூண்டபோது, நான்கே நாளில், ஜூலை 28-ஆம் தேதி, புத்ராஜெயாவில் இரு நாட்டுத் தலைவர்களையும் உட்கார வைத்துச் சண்டை நிறுத்தத்துக்கு நம் பிரதமரால் ஏற்பாடு செய்ய முடிந்தது. ஆனால் உறுப்பு நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடாமை ஆசியானின் அடிப்படைக் கொள்கை என்பதால், அந்த உடன்பாட்டைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்றும் கரம் ஆசியானுக்கு இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் மோதல் மீண்டும் வெடித்தது. ஆசியானின் பலத்தையும் வரம்பையும் நேர்முகத்தில் கேட்டால், இந்த இரண்டு நிகழ்வுகளை வைத்தே பத்து நிமிடம் தெளிவாகப் பேசலாம்.

ஐயா, என் அப்பா 6 ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர். ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம் பற்றித் தேர்வில் வரும் என்கிறார்கள். செம்பனை எண்ணெய் வழக்கில் மலேசியா தோற்றுவிட்டது என்று நண்பர் சொல்கிறார். இன்னொருவர் வென்றுவிட்டது என்கிறார். எது உண்மை?
(லிந்தாங் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் நண்பர்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு சட்டங்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் குழப்பம் தேர்வு எழுதுவோரிடையே மிகப் பரவலாக இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். வாகன எரிபொருளில் கலக்கும் தாவர எண்ணெய்களில், காட்டு நிலங்கள் விளைநிலமாக மாறக் காரணமாகும் ஆபத்து அதிகம் உள்ளவை என்று வகைப்படுத்தப்பட்டவற்றைப் படிப்படியாகக் குறைத்து 2030-க்குள் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவது அதன் நோக்கம். செம்பனை எண்ணெய் அந்த வகையில் வைக்கப்பட்டது. இது பாரபட்சம் என்று மலேசியா 2021 ஜனவரியில் உலக வாணிப அமைப்பிடம் புகார் செய்தது. 2024 மார்ச் 5-ஆம் தேதி வெளிவந்த நடுவர் குழுவின் அறிக்கை, சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி இப்படி ஒரு விதியைக் கொண்டுவரும் உரிமை ஐரோப்பாவுக்கு உண்டு என்று சொல்லி மலேசியாவின் முதன்மையான வாதங்களை ஏற்கவில்லை. ஆனால் அந்த விதியைத் தயாரித்த முறையிலும், தரவுகளை உரிய காலத்தில் மறுபரிசீலனை செய்யாததிலும், ஆபத்துக் குறைந்த எண்ணெய்க்குச் சான்று வழங்கும் நடைமுறையிலும் குறைகள் உள்ளன என்றும் சொன்னது. ஆகவே தோற்றது, வென்றது என்ற ஒற்றைச் சொல்லில் விடை எழுதாதீர்கள். விதியின் நோக்கம் நிலைத்தது, அதை நடைமுறைப்படுத்திய விதம் கண்டிக்கப்பட்டது என்று எழுதுவதுதான் சரி.

இரண்டாவதுதான் காடழிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். 2023 ஜூன் 29-ஆம் தேதி நடப்புக்கு வந்த இது எரிபொருளைப் பற்றியதன்று. செம்பனை, ரப்பர், கொக்கோ, காப்பி, சோயா, மரம், கால்நடை ஆகிய ஏழு பொருள்களையும் அவற்றிலிருந்து செய்யப்படும் பண்டங்களையும் ஐரோப்பியச் சந்தையில் விற்கும் நிறுவனங்கள், 2020 டிசம்பர் 31-ஆம் தேதிக்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் அவை விளையவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். அதற்காக, விளைந்த நிலம் பூமியில் எங்கே இருக்கிறது என்ற இட ஆயங்களைக் கொடுக்க வேண்டும். நிறுவனங்கள் இதற்குக் கட்டுப்பட வேண்டிய நாள் முதலில் 2024-இன் இறுதி என்றிருந்து, ஓராண்டு தள்ளிப் போய், மீண்டும் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய நிலையில் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. நாடுகளைக் குறைந்த, நடுத்தர, அதிக ஆபத்து என்று மூன்றாகப் பிரித்து 2025 மே மாதத்தில் ஒரு பட்டியல் வந்தது; மலேசியா நடுத்தர வகையில் வைக்கப்பட்டது. அந்த வகை நாடுகளிலிருந்து இறக்குமதி செய்வோரில் ஆண்டுக்கு 3 விழுக்காட்டினரைச் சோதிக்க வேண்டும்; குறைந்த ஆபத்து என்றால் 1 விழுக்காடு, அதிக ஆபத்து என்றால் 9 விழுக்காடு.

இனி உங்கள் அப்பாவிடம் வாருங்கள். அவர் குலையை லோரியில் ஏற்றி நிறுவை நிலையத்துக்குக் கொண்டு போய் விற்றதும் கொடுக்கும் ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடை, தரக் கழிவு, டன்னுக்கு எவ்வளவு என்ற விலை இவற்றோடு அவருடைய செம்பனை வாரிய உரிம எண்ணும் அதில் இருக்கும். உரிமம் இல்லாமல் குலை விற்க முடியாது. 2020 ஜனவரி முதல் எம்.எஸ்.பி.ஓ. எனப்படும் நிலைத்தன்மைச் சான்றிதழும் கட்டாயமாகியிருக்கிறது. அதாவது பழம் எந்த நிலத்திலிருந்து வந்தது என்பதைத் தொடர்ந்து போய்ப் பார்க்கும் வழி ஏற்கெனவே நம்மிடம் ஓரளவு இருக்கிறது. அதை ஐரோப்பா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது மலேசிய அரசின் வாதங்களில் ஒன்று. ஐரோப்பியச் சட்டப்படி 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லை முழுவதையும் வரைந்து காட்ட வேண்டும். அதற்குக் குறைந்த நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். 6 ஏக்கர் என்பது ஏறக்குறைய 2.4 ஹெக்டேர். உங்கள் அப்பாவுக்கு ஒரு புள்ளி போதும். ஆனால் அந்தப் புள்ளியை யார் பதிவு செய்வது, இடைத்தரகர் பல தோட்டங்களின் பழத்தை ஒரே லோரியில் கலந்து ஆலைக்குக் கொண்டு போகும்போது அது எப்படிப் பிரிந்து நிற்கும், ஆகும் செலவு யார் தலையில் விழும் என்பவை விடை தேடும் கேள்விகள்.

கட்டுரையில் இதை எழுதும்போது, ஐரோப்பா நம்மை ஒடுக்குகிறது என்று மட்டும் எழுதிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். நாட்டின் நிலப்பரப்பில் குறைந்தது 50 விழுக்காட்டைக் காடாக வைத்திருப்போம் என்று மலேசியா 1992-இல் ரியோ மாநாட்டில் கொடுத்த வாக்கையும், இந்தோனேசியாவும் நாமும் சேர்ந்து உலகச் செம்பனை எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உற்பத்தி செய்வதால் பேரம் பேசும் வலிமை நமக்கும் இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள். சந்தை ஐரோப்பா மட்டும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். பல ஆண்டுகளாக நம் செம்பனை எண்ணெயை மிகுதியாக வாங்குவது இந்தியா. அந்த உறவும் எப்போதும் சீராக இருந்ததில்லை. 2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் அப்போதைய பிரதமர் துன் மகாதீர் காஷ்மீர் குறித்துப் பேசிய சில மாதங்களில், 2020 ஜனவரி 8-ஆம் தேதி, சுத்திகரிக்கப்பட்ட செம்பனை எண்ணெய் இறக்குமதியை இந்தியா கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஓர் உரைக்கும் ஒரு குலையின் விலைக்கும் தொடர்பு உண்டு என்பதை உங்களைவிட நன்றாக எடுத்துச் சொல்லக் கூடியவர் அந்தத் தேர்வு மண்டபத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

அண்ணா, தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். பயிற்சிக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கலாமா? தமிழில் மிகத் தெளிவாக விளக்குகிறார்கள்.
(கோலகங்சார் வாசகி)

தங்கச்சி, உலக அமைப்புகள், பருவநிலை, பொருளாதார அடிப்படைகள் ஆகியவற்றுக்குப் பார்க்கலாம். அரசமைப்புக்குப் பார்க்காதீர்கள். அங்கே மனத்தில் பதியும் எண்கள் இங்கே தவறான விடையைத் தரும். 32-ஆவது பிரிவு என்றால் இந்தியாவில் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகும் உரிமை. அம்பேத்கர் அதை அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று போற்றினார். மலேசியாவில் 32-ஆவது பிரிவு மாமன்னரைக் கூட்டரசின் தலைவராக நிறுவுவது. 40-ஆவது பிரிவு அங்கே கிராமப் பஞ்சாயத்து; இங்கே மாமன்னர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்படுவது. தேசிய மொழி நமக்கு 152. பொதுச் சேவை ஆணையம் நமக்கு 139; நீங்கள் எந்த ஆணையத்தின் தேர்வுக்குப் படிக்கிறீர்களோ அந்த ஆணையத்தின் பிரிவு எண்ணையாவது மறக்காதீர்கள்.

இரண்டு அரசமைப்புகளும் அந்நியமானவை என்றும் எண்ணிவிட வேண்டாம். ரீட் பிரபு தலைமையில் 1956-57-இல் நம் அரசமைப்பை வரைந்த ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் ஒருவர் இந்திய நீதிபதி பி.மாலிக், பாகிஸ்தான் நீதிபதி ஒருவரும் இருந்தார். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற கோட்பாட்டை, அதாவது அரசமைப்பின் அடிப்படைக் கூறுகளை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்பதை, நம் உயர் நீதித்துறை 1970-களில் ஏற்க மறுத்தது. பிறகு கூட்டரசு நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டின் செமினி ஜெயா வழக்கிலும், ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி தொடுத்த வழக்கில் 2018 ஜனவரி 29-ஆம் தேதி வழங்கிய தீர்ப்பிலும், நீதிமன்றங்களின் மறுஆய்வு அதிகாரம் அரசமைப்பின் அடிப்படையில் ஒன்று, அதை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்று நிலைநாட்டியது. வயது வராத பிள்ளையின் மதமாற்றத்துக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்ற முடிவு அந்தத் தீர்ப்பில் வந்ததுதான். நம் பேராக் மாநிலத்துத் தாய் ஒருவரின் வழக்கு நாட்டின் அரசமைப்புச் சட்டத்தையே தெளிவுபடுத்தியிருக்கிறது. அதைப் படிக்காமல் தேர்வுக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து.

அனைத்துலக நீதிமன்றமும் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றமும் ஒன்றுதானே, ஐயா? இரண்டும் தி ஹேக் நகரில்தானே இருக்கின்றன?
(சுங்கை சிப்புட், எஸ்.டி.பி.எம். மாணவி)

ஒரே நகரில் இருப்பது உண்மை. ஒன்று என்பது தவறு. அனைத்துலக நீதிமன்றம் 1945-இன் ஐ.நா. சாசனத்தால் அமைந்தது, ஒன்பதாண்டுப் பதவிக்காலம் உள்ள 15 நிலையான நீதிபதிகளைக் கொண்டது (வழக்காடும் நாடு அந்த வழக்குக்கு மட்டும் ஒரு தற்காலிக நீதிபதியை அமர்த்தலாம் என்பதால் எண்ணிக்கை சற்று மாறும்), நாடுகளுக்கிடையே உள்ள வழக்குகளை மட்டும் கேட்கும். குற்றவியல் நீதிமன்றம் 1998-இன் ரோம் சாசனத்தால் உருவாகி 2002 ஜூலை முதல் இயங்குவது. இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்காகத் தனிமனிதர்களை விசாரிக்கும். மலேசியா 2019 மார்ச் 4-ஆம் தேதி ரோம் சாசனத்தில் சேர ஆவணம் கொடுத்து, உள்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் ஏப்ரலிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே இன்று மலேசியா அதன் உறுப்பு நாடு இல்லை.

அனைத்துலக நீதிமன்றத்தில் நமக்கு இருந்த இரண்டு வழக்குகளை மட்டும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். அரசு அதிகாரியாக விரும்பும் ஒருவருக்கு அவற்றைவிடச் சிறந்த பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூருக்கும் நமக்கும் இடையே இருந்த பத்து புத்தே தீவு வழக்கில் 2008 மே 23-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தீவு சிங்கப்பூருக்கு, அருகிலுள்ள பத்துவான் தெங்ஙா மலேசியாவுக்கு, அலை வற்றும்போது மட்டும் தெரியும் தெற்குப் பாறை எந்த நாட்டின் கடற்பரப்பில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு. தீவு தொடக்கத்தில் ஜொகூர் சுல்தானகத்துக்குச் சொந்தமாக இருந்தது என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. பிறகு ஏன் இழந்தோம்? 1953 ஜூன் மாதத்தில் சிங்கப்பூரின் குடியேற்ற அரசு அந்தத் தீவின் நிலையைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு, அதே ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர், பத்து புத்தேயின் மீது ஜொகூர் உரிமை கோரவில்லை என்று பதில் எழுதியிருக்கிறார். அதற்குப் பின் நாம் பல ஆண்டுகள் எதிர்ப்புத் தெரிவிக்காமல் இருந்ததோடு சேர்த்து அந்தக் கடிதமும் வழக்கின் போக்கைத் தீர்மானித்தது. ஓர் அலுவலகத்தில் ஒரு நாள் தட்டச்சு செய்து கையெழுத்திட்டு அனுப்பிய சில வரிகள். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 12 நீதிபதிகள் ஒரு பக்கமும் 4 பேர் மறுபக்கமும் நின்று தீர்ப்புச் சொன்னபோது அவை முன்னே வந்து நின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகும்.

சிப்பாடான், லிகித்தான் வழக்கில் இதற்கு நேர்மாறாக நடந்தது. இந்தோனேசியாவுக்கும் நமக்கும் இடையே இருந்த அந்த வழக்கில் பழைய ஒப்பந்தங்களோ வரைபடங்களோ எந்தப் பக்கத்துக்கும் முழு உரிமை தரவில்லை என்று கண்ட நீதிமன்றம், நடைமுறையில் யார் அங்கே நிர்வாகம் செய்தார்கள் என்று பார்த்தது. வட போர்னியோவை ஆண்ட ஆங்கிலேயர் அங்கே ஆமை முட்டை எடுப்பதற்கு உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். 1933-இல் சிப்பாடானைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டப்பட்டன. 2002 டிசம்பர் 17-ஆம் தேதி 16-க்கு 1 என்ற கணக்கில் இரு தீவுகளும் மலேசியாவுக்கு வந்தன. ஆமை முட்டை உரிமத்தை எழுதிப் பதிவேட்டில் சேர்த்த அந்த எழுத்தருக்கு, தாம் ஒரு தீவைக் காப்பாற்றுகிறோம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

மாமன்னரைத் தேர்ந்தெடுப்பதில் ஆளுநர்களுக்கும் வாக்கு உண்டா?
(கோலகங்சார் வாசகர்)

இல்லை. ஆட்சியாளர் மன்றத்தில் ஒன்பது மலாய் ஆட்சியாளர்களோடு பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் மாநில ஆளுநர்களும் உறுப்பினர்கள். ஆனால் மாமன்னரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்பது ஆட்சியாளர்களே வாக்களிப்பார்கள். பதவிக்காலம் ஐந்து ஆண்டு. 2024 ஜனவரி 31 முதல் ஜொகூர் சுல்தான் இப்ராகிம் 17-ஆவது மாமன்னராக இருக்கிறார். மன்றத்தின் அதிகாரம் அதோடு முடிவதில்லை. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைச் சொல்லும் 153-ஆவது பிரிவு போன்றவற்றைத் திருத்துவதற்கு நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மன்றத்தின் இசைவும் வேண்டும். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தத்தைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். இன்னொன்று: இந்த மன்றத்தின் மூலவேரான முதல் 'டர்பார்' 1897 ஜூலையில் உங்கள் ஊரான கோலகங்சாரில்தான் கூடியது. 1877-இல் நடப்பட்ட முதல் ரப்பர்க் கன்றுகளுக்காக மட்டும் அந்த ஊரை நினைக்கிறோம்.

எங்கள் சுங்கை சிப்புட்டைப் பற்றித் தேர்வில் கேட்பார்களா?
(தோட்டத்து வாசகர், வயது 24)

கேட்பார்கள், கேட்டால் உங்களுக்கு நல்லது. 1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில் நம் ஊரை அடுத்த எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுவதற்கும் விரிந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரத்தில் வாழ்ந்த மக்கள், பெரும்பாலும் சீனர்கள், வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் பல இடங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலிக்குள் வந்தன. சனிக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் வகுப்புக்கு வரும் ஒரு பாட்டி, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு, போகும்போது சோற்றைக் கொண்டு போக விடாமல் கேட்டிலேயே சோதனை போட்டதைத் தம் அம்மா சொல்லக் கேட்டதாகச் சொன்னார். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் உயிர்நாடி.

இது வரலாற்றுப் பாடத்தோடு முடிந்துவிடுவதில்லை. அவசரகாலம் முடிந்த மறுநாளே நடப்புக்கு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரத்தைத் தொடர வைத்தது. 2012-இல் அது நீக்கப்பட்டு, சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் பற்றிய சட்டம் வந்தது. அதன்படி காவல்துறை ஒருவரை 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டுமா என்று நாடாளுமன்றத்தில் விவாதம் எழும்போதெல்லாம் நாட்டுக்கு எதிரான செயல்களைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்ற இடம் தரும் அரசமைப்பின் 149-ஆவது பிரிவுதான் பேசப்படும். 150-ஆவது பிரிவு அவசரகாலப் பிரகடனத்தைப் பற்றியது. 2020 அக்டோபர் 25-ஆம் தேதி, ஆட்சியாளர்களோடு கலந்துபேசிய பின், பிரதமர் கேட்ட பிரகடனம் தேவையில்லை என்று மாமன்னர் முடிவு செய்ததும், 2021 ஜனவரி முதல் ஆகஸ்டு 1 வரை கோவிட் காலத்தில் நாடளாவிய அவசரகாலம் நிலவியதும் அந்தப் பிரிவின் கீழ்தான்.

குறைந்தபட்சச் சம்பளத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

2011-ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டப்படி அந்த மன்றம் பரிந்துரைக்கும், அரசு ஆணையாக வெளியிடும். 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2022 மே முதல் 1,500. 2025 பிப்ரவரி முதல், ஐந்து பேருக்கும் அதற்கு மேலும் வேலை கொடுக்கும் முதலாளிகளிடம் வேலை செய்வோருக்கு 1,700, அதே ஆண்டு ஆகஸ்டு முதல் எல்லாருக்கும் அதுவே. டன் கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளருக்கும் இது பொருந்தும் என்பதை உங்கள் வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

ஐயா, நான் தோட்டத்தில் களை பிடுங்கும் வேலை செய்கிறேன். மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டிலிருந்தே தேர்வுக்குப் படிக்கிறாள். வகுப்புக்குக் கட்டணம் கட்ட வசதி இல்லை. நான் அவளுக்கு எப்படி உதவ முடியும்?
(சுங்கை சிப்புட், ஒரு தாய்)

அம்மா, காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இதில் மிகக் குறைவு. கூட்டரசு அரசமைப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு நாளும் பேசப்பட்டதை அப்படியே தரும் ஹன்சார்ட் ஏடும் நாடாளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. தேர்வுக் கட்டுரை மலாயில் எழுத வேண்டியிருப்பதால், அமைச்சர்கள் பயன்படுத்தும் மலாய்ச் சொல்லாட்சி அதிலிருந்து மகளுக்குப் பழகிவிடும். மக்களவை கூடும் காலத்தில் திங்கள் முதல் வியாழன் வரை காலை 10 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கும், நேரலையாகப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமைகளில் பிரதமரிடம் கேள்வி கேட்பார்கள். அதைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்களால் முடிந்த உதவி ஒன்று உண்டு. வேலை முடிந்து வந்து தேநீர் குடிக்கும் வேளையில், அன்று படித்த ஒரு செய்தியை உங்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் கூச்சப்படாமல் "அது ஏன்?" என்று கேளுங்கள். அவள் தடுமாறும் இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டு, அன்று இரவே ஹன்சார்டிலோ அரசமைப்பிலோ அதைத் தேடி எடுத்து, மறுநாள் உங்களுக்கு மறுபடியும் சொல்லட்டும்.